மேலே இருக்கிறவருக்கு ஒன்று

சாண்காரி என்ற பேர் முதன்முதலில் என் காதில் விழுந்தது அவள் கல்யாணம் ஆகி வந்த மூன்றாம் நாள். என் சித்தி, அதாவது அவளுடைய மாமியார், மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். "வந்திருக்கிற மருமக சமையல்கட்டுச் சுவரைக் கையால சாண் போட்டு அளந்துக்கிட்டு நிக்கிறா. ஏம்மான்னு கேட்டா, இந்தச் சுவர் எதுக்கு இங்க இருக்குன்னு கேக்குறா. சுவரைப் பாத்து நீ எதுக்கு இருக்கேன்னு யாராவது கேப்பாங்களா?" என்றாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சித்தியின் மகள், "அப்ப இனிமே சாண்காரின்னு கூப்பிடு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு ஒட்டிய பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொந்தத்தில் பாதிப் பேர் மறந்தே போனார்கள்.

அவள் அப்பா தையல்காரர். ஆளைப் பார்த்தாலே தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று வாய்க்குள் முணுமுணுக்கிற வீட்டில் வளர்ந்தவள். அளக்காமல் அவளுக்கு ஒரு பொருளும் கண்ணில் நிற்காது. அந்தச் சமையலறை நீளம் பதின்மூன்று சாண், அகலம் ஒன்பது சாண். சன்னல் கிடையாது. உயரத்தில் காற்றுக்கென்று விட்ட ஒரு பொந்து, அதிலும் பாதியைப் புகை அடைத்திருந்தது. அடுப்பு முன்னால் நின்றால் மூக்குக்கு நேரே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கூடம். கூடத்தில் தெருவைப் பார்த்த இரண்டு பெரிய சன்னல்கள். காலையில் வெயில் கூடம் முழுக்க நடந்து வந்து, அந்தச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும். சுவருக்கு இந்தப் பக்கம் இவள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். இருபத்திரண்டு வருஷம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். பத்திரிகையில் வருகிற சமையலறைப் படங்களை வெட்டி அதில் ஒட்டுவாள். பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதுவாள். பாத்திரம் கழுவுகிற தொட்டி வெளிச்சம் வருகிற பக்கம் இருக்க வேண்டும். மேலே எட்டாத பரண் வேண்டாம், கீழே இழுப்பறை வேண்டும், இழுத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். டைல்ஸ் வெள்ளை கூடாது, மோர் நிறம் போதும். மிக்சிக்குப் பிளக் இடுப்பு உயரத்தில். எல்லாப் பக்கத்திலும் முதல் வரி மட்டும் ஒன்றுதான்: சுவர் போக வேண்டும்.

வீட்டுக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர், நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில் புகுந்து வருகிற மனுஷன். ஆனால் சுவர் என்றால் அவருக்கு நடுக்கம். பத்து வயசில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வாசலை அகலமாக்கப்போய், மேல்தளம் அப்படியே உட்கார்ந்துவிட்டதை நேரில் பார்த்தவர். "சத்தமே வரலை தெரியுமா? ஒரு ஆள் நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்துச்சு," என்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் கையில் இருக்கிற டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். அதோடு இந்த வீடு அவருடைய அப்பா காசு கிடைத்தபோதெல்லாம் செங்கல் வாங்கித் தானே கட்டிய வீடு. வரைபடம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் அந்த மனுஷன் தலைக்குள் இருந்தது, தலையோடு போய்விட்டது. எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

"நீ எந்தச் சுவரையும் தொடக் கூடாது. நான் நடமாடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் தொட விடமாட்டேன்," என்று ஒருநாள் அடித்துச் சொல்லிவிட்டார்.

சொன்ன நாலாம் மாதம் வேனிலிருந்து பீரோ இறக்கும்போது வழுக்கி விழுந்தார். தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. பக்கத்திலேயே கழிப்பறை உள்ள அறை மாடியில்தான் இருந்தது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி, வெளிப்பக்கப் படிவழியாக மேலே கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார்கள். இரண்டு மாதம் அசையக் கூடாது என்றார் டாக்டர்.

எதிர்வீட்டில்தான் நாத்தனார் இருந்தாள், பேர் வைத்த அதே புண்ணியவதி. பார்க்க வந்தவள் கீழே இறங்கும்போது சாண்காரியின் காதில், "உன் வீட்டுக்காரன் இப்ப நடமாடலைடி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் சாண்காரி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டாள்.

கொத்தனார் அறுபதை நெருங்குகிறவர், அதிகம் பேச மாட்டார். சுவரைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், மாடிக்குப் போய் வீட்டுக்காரர் படுத்திருக்கிற கட்டில் எங்கே வருகிறது என்று பார்த்தார். கட்டில் சரியாகச் சுவருக்கு மேலே இருந்தது.

"எடுக்கலாம்மா. ஆனா இந்தச் சுவர் சும்மா நிக்கலை, மேல்தளம் இதுமேலதான் உக்காந்திருக்கு. முதல்ல முட்டுக் கொடுக்கணும். அப்புறம் சுவரை எடுத்துட்டு, அந்த இடத்துல கம்பி கட்டி உத்தரம் வார்க்கணும். கான்கிரீட் இறுகுற வரைக்கும் முட்டு நிக்கணும்."

"எத்தனை நாள்?"

"இருபத்தியோரு நாள். ஒரு நாள் குறையக் கூடாது. முட்டு நிக்கிற வரைக்கும் மேல யானை படுத்தாலும் கவலை இல்லை. முட்டு இல்லேன்னா பூனை குதிச்சாக்கூட எனக்குப் பயம்தான்."

அவள் அண்ணாந்து கட்டில் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் சரி என்றாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினாள். கொத்தனார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "மோர் நிறமா?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பது மரக்கட்டைகள் வந்து இறங்கின. இடுப்பளவு தடிமன் இல்லை, ஆனால் ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் மூச்சு வாங்கும். அதிலும் நடுவில் நிறுத்தியது மட்டும் மற்றதைவிட ஒரு மடங்கு பெரிது. எல்லாவற்றையும் தரைக்கும் கூரைக்கும் நடுவில் நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து இறுக்கினார்கள். கொத்தனார் ஆட்கள் அதை முட்டு என்பார்கள். சாண்காரி கட்டை என்பாள். "இந்தக் கட்டைக்கு நடுவுல எப்படிப்பா போறது வர்றது?" "கட்டையில துணி காயப் போடலாமா?" இப்படி. ஒரு பொருளுக்கு இரண்டு பேர் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை.

சுவரில் முதல் அடி விழுந்தபோது அவள் கூடத்து மூலையில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். கீழே ஒரு அடி விழுந்தால் மேலேயிருந்து வீட்டுக்காரர் தடியால் தரையில் ஒரு தட்டு தட்டுவார். கழிப்பறைக்குப் போக, ஆளைக் கூப்பிட என்று வைத்திருந்த தடி. அடி, தட்டு. அடி, தட்டு. அவள் பதறிப்போய்ப் படியேறி ஓடினாள்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. இருக்கேனா போயிட்டேனான்னு நானே தெரிஞ்சுக்கத் தட்டிப் பாத்துக்கறேன்," என்றார். முகம் வெளுத்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைத் திட்டியதுண்டு. அன்றைக்குத் திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சுவர் போயிற்று. அடுத்த வாரம் கம்பி கட்டிப் பலகை அடித்து உத்தரம் வார்த்தார்கள். கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டே, "அம்மா, நான் நாலு இடத்துல வேலை பாக்குறவன், எனக்குத் தேதி நிக்காது. கணக்கு உங்க பொறுப்பு. நீங்க சொல்ற அன்னைக்குத்தான் பிரிப்போம். நீங்க சொல்லாம யாரும் கை வைக்கமாட்டாங்க," என்றார்.

அவளை நம்பி ஒருவர் ஒரு கணக்கை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. காலண்டரில் இருபத்தியோரு கட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள். தினமும் மூன்று வேளை உத்தரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது தலையை வெளியே நீட்டிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டு ஊற்றுவாள். கூரைக்கு அடியில் நிற்கப் பயம். சமையல் பின்கட்டில், தகரத்துக்கு அடியில் ஒரு ஒற்றை அடுப்பில்.

நாலாம் நாள். கொத்தனாருக்கு வேறு இடத்தில் வேலை. உத்தரத்தின் பக்கப் பலகையை மட்டும் பிரித்து எடுத்து வரச்சொல்லி மச்சினனை அனுப்பியிருந்தார். முப்பது வயசு ஆள். காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்து, இந்த வேலைக்கு வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. என்ன சொன்னாலும், "சொன்னபடி செஞ்சுடறேன்," என்பான். செய்தும் விடுவான். அதனால் அவனுக்கே சொன்னபடி என்று பேர் ஆகிவிட்டது. கூடவே தீராத பசி. சாண்காரி வேலையாட்களுக்குப் பத்து மணிக்கு முட்டை அவித்துக் கொடுப்பாள். சொன்னபடிக்கு இரண்டு கொடுத்தால் மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

அன்றைக்கும் முட்டையை அவித்துச் சட்டியோடு கூடத்துச் சன்னல் திட்டில் மூடி வைத்திருந்தாள். பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சொன்னபடியின் குரல் வந்தது.

"அக்கா! முட்டை எடுத்துடலாமா?"

மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்குள்ளயா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. இதையெல்லாமா கேப்பாங்க?"

"கேக்காம எடுக்கக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு."

நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டாள். "சரிப்பா. பெரிசா ஒண்ணு மட்டும் மேல இருக்கிறவருக்கு விட்டுடு."

"பெரிசு ஒண்ணை மேல இருக்கிறவருக்கு விட்டுட்டு, மத்ததெல்லாம் எடுத்துடறேன். சரிதானேக்கா?"

"சரிதான். பாத்து எடு, சூடா இருக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு டொக், டொக் என்று சுத்தியல் சத்தம். பலகை பிரிக்கிறான் என்று நினைத்தாள். தரையில் ஏதோ கனமாக விழுந்து உருண்டது. பலகை உருளாதே என்று ஒரு நொடி தோன்றியது. குழாயை மூடவில்லை. இன்னொன்று உருண்டது. இன்னொன்று. மிச்சப் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஈரக்கையோடு உள்ளே வந்தாள்.

கூடத்துத் தரையில் கட்டைகள் கிடந்தன. வரிசையாக, அழகாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கியிருந்தான். நடுவில் ஒரே ஒரு பெரிய கட்டை மட்டும் நின்றது. சன்னல் திட்டில் முட்டைச் சட்டி மூடியபடியே இருந்தது.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. "முட்டை... முட்டை எடுத்துக்கலையா நீ?"

"எடுத்துட்டேனே அக்கா. பலகையைப் பிரிக்க இடைஞ்சலா நின்னுச்சு, எட்டும் எடுத்தாச்சு. நீங்க சொன்னபடி சாருக்குப் பெரிசு ஒண்ணை விட்டிருக்கேன் பாருங்க, சரியா கட்டிலுக்கு நேரா. ஆனா சூடு ஒண்ணும் இல்லக்கா. ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தேன்."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் கேட்டது முட்டை. இவள் கொடுத்ததும் முட்டை. எழுத்திலும் ஒன்றுதான், வாயில் வந்தாலும் ஒன்றுதான். அவனுக்கு அது கூரையைத் தாங்குகிற முட்டு. அவளுக்குச் சட்டியில் கிடக்கிற முட்டை.

அண்ணாந்து பார்த்தாள். நாலே நாள் வயசான உத்தரம், ஈரம்கூடக் காயவில்லை. அதன் இரண்டு பக்கமும் மயிர் மாதிரி ஒரு கோடு. அவள் பார்க்கும்போதே அந்தக் கோட்டிலிருந்து கோதுமை மாவு சலித்த மாதிரி வெள்ளையாகத் தூசி இறங்கியது. எங்கோ உள்ளே க்ர்ர் என்று ஒரு சத்தம், வயிறு பசிக்கும்போது வருமே அந்த மாதிரி. முதலில் தன் வயிறு என்றே நினைத்தாள்.

"மாமாவுக்குப் போன் போடு," என்றாள். குரல் வேறு யாரோ பேசுகிற மாதிரி வந்தது. "எடுத்துட்டேன்னு சொல்லு. போடு, போடு!"

சொன்னபடிக்கு இன்னும் புரியவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் போனை எடுத்தான். அதிகம் பேசாத கொத்தனார் போனில் கத்தியது அவளுக்கே கேட்டது. "சுத்தியலைத் தொடாதே! ஒரு அடி அடிக்கக் கூடாது. ஓரத்துக் கட்டையை முதல்ல நிறுத்து. ஆப்பைக் கையால தள்ளி இறுக்கு, அடிக்காதே. மேல இருக்கிற மனுசன் அசையக் கூடாது. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

அதே நேரம் மேலேயிருந்து தடி விழுந்தது. டொக்.

தூசி கொட்டியது.

பத்து மணி. வீட்டுக்காரருக்கும் நேரம் தெரியும். அவருக்கும் முட்டை வரவேண்டிய நேரம். டொக் டொக்.

அவள் ஓடினாள். அந்த வெளிப்பக்கப் படி பதினாறு படி, எத்தனை படியை மிதித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மாடி அறை வாசலில் போய் நின்று நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் தடியை மறுபடி ஓங்கியிருந்தார்.

"தட்டாதீங்க!"

தடி பாதியில் நின்றது. "என்னடி இப்படிக் கத்துறே? முட்டை எங்க?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கண் தரைக்குப் போயிற்று. கட்டில் நாலு எட்டு தூரத்தில் இருந்தது. அந்த நாலு எட்டுத் தரைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு கட்டை இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் பயத்தில் எழுந்திருக்கப் பார்ப்பார். எழுந்திருக்க முடியாது, விழுவார். விழுந்தால் அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியமில்லை.

"டாக்டர் போன் பண்ணினாருங்க. இன்னிக்குக் கையைக் காலைக் கொஞ்சம்கூட அசைக்கக் கூடாதாம். தடியை மெதுவா வச்சிடுங்க."

அவர் அவளையே பார்த்தார். "டாக்டர் சொன்னதை ஏன் நிலையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றே?"

அவள் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உள்ள வந்து சொல்லு பாப்போம்."

வர முடியவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. அவர் முகம் ரத்தமில்லாமல் வெளுப்பதை அவள் பார்த்தாள். பத்து வயசுப் பையன் தெருவில் நின்று பார்த்த முகம் அதுதானோ என்னவோ. தடியைத் தரையில் வைக்கவில்லை. மெல்ல, முட்டை வைக்கிற மாதிரியே, தன் பக்கத்தில் படுக்கையில் வைத்தார்.

"என்ன போச்சு?"

"கட்டை. எடுத்துட்டான்."

"எத்தனை?"

"எட்டு. ஒண்ணு இருக்கு. உங்களுக்கு நேர் கீழ."

கீழே சொன்னபடி ஒரு கட்டையை இழுக்கிற சத்தம். தரை மெல்ல அதிர்ந்தது, தலைமாட்டில் இருந்த மாத்திரைப் புட்டி டம்ளரில் மோதிக் கிணுங்கியது. இரண்டு பேரும் அந்தப் புட்டியையே பார்த்தார்கள். அது நிற்கிற வரைக்கும் மூச்சு விடவில்லை.

அவள் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தாள்.

"வராதே," என்றார்.

"உங்களைத் தனியா விட்டுட்டு..."

"வராதேன்னா வராதே. என் கனத்தையே அந்த ஒத்தைக் கட்டை தாங்குதோ என்னமோ. உன் கனம் எனக்குத் தெரியாதா? நீ வந்தா ரெண்டு பேரும் ஒண்ணாக் கூடத்துக்குப் போகலாம்." குரல் நடுங்கினாலும் கேலி விடவில்லை. "அவன் ஏன் எடுத்தான்? கொத்தனார் உன்னைக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு?"

"கேட்டான். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"நீயா?"

"முட்டை எடுக்கலாமான்னு கேட்டான். நான்... அவிச்ச முட்டைன்னு..." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பெரிசா ஒண்ணை மேல இருக்கிறவருக்கு விட்டுடுன்னு சொன்னேன். விட்டிருக்கான்."

அவர் வயிறு குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தாள். சிரிப்பு. சத்தம் வராத சிரிப்பு. கட்டில் கிரீச் கிரீச் என்றது.

"சிரிக்காதீங்க! ஆடுது! ஐயோ, தயவுசெஞ்சு சிரிக்காதீங்க!"

அவர் போர்வை முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. அது சிரிப்புக் கண்ணீரா பயக் கண்ணீரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. சாண்காரி நிலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்து, ஒரு கையை மட்டும் அவர் பக்கம் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எட்டாது என்று தெரியும். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கொத்தனார் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில் கீழே க்ர்ர் சத்தம் மூன்று தடவை வந்தது. எண்ணி வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும், நான் கேட்ட வெளிச்சமே வேண்டாம், சுவரைத் திரும்ப வச்சுக்கோங்க என்று யாரிடமோ மனசுக்குள் சொன்னாள்.

வந்தவர் யாரையும் திட்டவில்லை. எடுத்த எட்டு முட்டையும் நிறுத்தி, இன்னும் நாலு வரவழைத்து நிறுத்தி, ஆப்புகளைக் கையாலேயே தள்ளித் தள்ளி இறுக்கினார். பிறகு மாடிக்கு வந்தார். "சுவரோரமா நடங்க, நடுவுல வராதீங்க," என்று கூட வந்தவர்களிடம் சொல்லி, தான் முதலில் போனார். வீட்டுக்காரரைப் போர்வையோடு கட்டிலிலிருந்து இழுத்து, தரையில் இறக்கி, சுவர் ஓரமாகவே இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பிறகு நாத்தனார் புருஷனும் சொன்னபடியும் கொத்தனாரும் தெருமுனை டீக்கடைக்காரரும் நாற்காலியில் வைத்துக் கீழே தூக்கினார்கள். கடைசிப் படியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள், வாயில் முந்தானை. சாண்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "வாடி, வந்து தண்ணி குடி," என்றாள்.

சொன்னபடி தெருவோரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "நான் சொன்னபடிதானே மாமா செஞ்சேன்," என்று ஒரே வார்த்தை. கொத்தனார் அவன் முதுகைத் தட்டி, "சொன்னபடிதான் செஞ்சே. தப்பு என்னோடது. நிக்கிற கட்டையைக் கட்டைன்னே சொல்லியிருக்கணும்," என்றார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்கிற எந்த வீட்டிலும் முட்டு என்று சொல்வதில்லையாம்.

ஒரு பொறியாளர் வந்து பார்த்தாள். சின்னப் பெண், ஆனால் நிதானம். உத்தரத்தைச் சுண்டிப் பார்த்து, விரிசல் வளர்ந்தால் தெரியட்டும் என்று கோட்டில் கண்ணாடித் துண்டு ஒட்டி, குறித்துக்கொண்டாள். "நடுவுல அந்த ஒண்ணும் இல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, கட்டு போட்ட காலோடு எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொண்டாள். பழைய உத்தரத்தை உடைத்துவிட்டு, இரும்பு உத்தரம் போட்டு, இரண்டு பக்கமும் தூண் எழுப்பினார்கள். "இப்ப இது முன்னை விடப் பலம்மா. தைரியமா இருங்க," என்றாள்.

வேலை முடிந்தது. மோர் நிற டைல்ஸ். இழுத்தால் எல்லாம் தெரிகிற இழுப்பறை. பிளக் இடுப்பு உயரத்தில். காலை வெயில் கூடம் முழுக்க நடந்து வந்து, திரும்பாமல், நேரே அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்தது. நாத்தனார் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பத்திரிகையில போடலாம் போலிருக்கே. நான்தாண்டி பேர் வச்சேன், எனக்கும் இதுல பங்கு உண்டு," என்றாள். சாண்காரி சிரிக்கப் பார்த்தாள்.

வீட்டுக்காரருக்கு ஒன்று நடந்தது. கட்டுப் பிரித்து நடக்க ஆரம்பித்ததும் அவருக்குப் பயம் போய்விட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையை நடித்துக் காட்டுவார். "எம் பொண்டாட்டி எனக்குன்னு பெரிசா ஒண்ணு எடுத்து வைக்கச் சொன்னா பாருங்க, அதுலதான் நான் இன்னிக்கு உக்காந்திருக்கேன்!" என்பார். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு அந்த க்ர்ர் சத்தம் போகவில்லை. அடுப்பில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மேலே யாரோ நாற்காலி நகர்த்துவார்கள், அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிவிடுவாள். மேலே போகிறவர்களிடம் மெதுவா நடங்க, மெதுவா நடங்க என்பாள். உத்தரத்தில் கோடு இருக்கிறதா என்று தினமும் விளக்குப் பிடித்துப் பார்ப்பாள். கோடு இல்லை. இல்லாவிட்டாலும் பார்ப்பாள். அவர் மேலே தூங்கப் போனால் போகவிடமாட்டாள். கூடத்தில் படுத்தால் கூடத்துக்கு மேலேயும் தளம்தானே என்பாள். எங்கே படுக்கிறது? எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் நல்ல மழை. அவர் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அழகான சமையலறை காலியாக இருந்தது. விளக்குகூடப் போட வேண்டாம், அத்தனை வெளிச்சம். பின்கட்டில் தகரத்துக்கு அடியில், ஒற்றை அடுப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு, முதுகு முழுக்க நனைந்து அவள் சமைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேலி பேசவில்லை. குடையை எடுத்து வந்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். சோறு வடிக்கிற வரைக்கும் நின்றார்.

"வேற வீடு பாக்கலாமா?" என்றார்.

"அவ்வளவு ஆசைப்பட்டு..."

"ஆசைப்பட்டது நீ. பயப்படுறதும் நீ. நான் என்ன, எங்க சோறு போட்டாலும் திங்கிறவன். மாடி இல்லாததாப் பாப்போம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

சாண்காரி இப்போது அந்த வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, மேலே ஒன்றும் இல்லாத ஒரு சின்ன வாடகை வீட்டில் புருஷனோடு இருக்கிறாள். பழைய வீட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் குடும்பம் குடியிருக்கிறது.